பல்லை எண்ணி ஆறைக் கூட்டு

போன மாசம் ரெண்டு நாள் லீவு கிடைத்தது. பதுளையில் பஸ் ஏறி, அம்மாவைப் பார்க்க மொனராகலைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. "இன்னைக்கு கிளினிக்கு. ஆயம்மா அங்கதான் குந்தியிருக்கு" என்றான் பக்கத்துக் காம்பராப் பையன். அம்மா ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாச்சு. ஆனாலும் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாள் என்றால் ஆஜர். யாரும் கூப்பிடுவதில்லை. எழுந்து போகச் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

தோட்டத்துக்காரர்களுக்கு ஆயம்மா என்றால் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைமடுவம். இப்போது அதற்கு 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று போர்டு போட்டிருக்கிறார்கள், எங்கள் வாயில் அது இன்னும் பிள்ளைமடுவம்தான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆயம்மா. மலைநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தேயிலையையே எழுதுகிறார்கள். எங்களுடையது இறப்பர் தோட்டம். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால் விடியும்போதே வெட்டுக்குப் போயாக வேண்டும். அம்மா மடுவத்துக் கதவைத் திறக்கும்போது இருட்டு விலகியிருக்காது. துணியில் சுற்றிய பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்குவார். இருபத்தேழு வருஷம் வாங்கியிருக்கிறார். எழுதப் படிக்க அவ்வளவாக வராது.

நான் போய்ச் சேர்ந்தபோது தொங்கு தராசில் ஒரு பொட்டைப்பிள்ளை காற்சட்டை மாதிரித் தைத்த பையில் தொங்கியபடி அழுதுகொண்டிருந்தது. ஏழு கிலோ. கூட்டி வந்தவள் பாட்டி. பிள்ளையின் தாய் தகப்பன் ரெண்டு பேரும் கொழும்பில் வேலை. ரெண்டு வாரத்துக்கு முந்தித்தான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களாம். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறந்து அங்கேயே வைத்துவிட்டார்கள்.

"எத்தன மாசம்?" என்று மிட்வைஃப் மிஸ் கேட்டார். மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை.

"ஒம்பது மாசங்க மிஸ்."

மிஸ் எழுதப் போனார். அம்மா குறுக்கே கையை நீட்டினார். "பொட்டக் இன்ன மிஸ்" என்று, கொஞ்சம் பொறுக்கும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பில் சுண்டுவிரலைத் துடைத்து, பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கினார். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தது. மேலே நாலு. கீழுதட்டை இறக்கினார். கீழே நாலு. பிறகு விரலை உள்ளே விட்டு, பின்னால் ஈறைத் தடவினார்.

"கடவாய் தடிச்சிருக்கு. கீறல் விடப் போகுது. எவ சொன்னது ஒம்பதுன்னு? பதினாலு தாண்டிடுச்சு தங்கச்சி."

"பாத்தா ஒம்பது மாதிரித்தானே இருக்கு ஆயம்மா" என்றாள் பாட்டி.

அவள் பொய் சொல்லவில்லை. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அம்மா விடவில்லை. "இது பொறந்த போன் வந்தப்ப நீ எங்க இருந்த?" பாட்டி யோசித்தாள். கோயிலில் இருந்தாளாம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டின நாள். "போன திருவிழாவா, அதுக்கு முந்தினதா?" முந்தினது. பாட்டி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இதில் என்ன வந்துவிட்டது, ஐந்து மாசம் முன்னே பின்னே என்று தோன்றலாம். பொட்டைப்பிள்ளை ஒன்பது மாசத்தில் ஏழு கிலோ இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். குறைநிறைக் கோடு அந்த வயதில் ஆறரை கிலோவில் இருக்கிறது. அதே ஏழு கிலோ பதினாலு மாசத்தில் என்றால் பிள்ளை கோட்டுக்குக் கீழே போய்விட்டது. முதல் பிள்ளைக்கு "நல்லா சாப்பாடு குடுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டாவது பிள்ளைக்குத் திரிபோஷ கொடுத்து, மாசாமாசம் கூப்பிட்டுப் பார்த்து, தேவையென்றால் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். தராசு சொன்னது ஒரே எண்தான். அது எந்த மாசத்தின் கட்டத்தில் விழுகிறது என்பதைச் சொன்னது எட்டுப் பல்.

சாயங்காலம் பாட்டி வீட்டுக்கே வந்துவிட்டாள், மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவேட்டின் படத்தோடு. பதினைந்து மாசம், ஒன்பது நாள். அம்மா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பிசகிருச்சு" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அம்மாவின் கணக்கு இதுதான்: பல்லை எண்ணு, ஆறைக் கூட்டு, வருவது மாசம். எட்டுப் பல் என்றால் பதினாலு. பல் வைத்தியப் புத்தகங்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு இருக்கிறது, மாசத்திலிருந்து ஆறைக் கழித்தால் பல்லின் எண்ணிக்கை என்று திருப்பிப் போட்டு எழுதியிருப்பார்கள். அம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முந்திய ஆயம்மா சொன்னதாம்.

பால்பல் மொத்தம் இருபது. கீழ் முன்பல் ரெண்டும் முதலில், ஆறிலிருந்து பத்து மாசத்துக்குள். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் மேல் முன்பல் ரெண்டு. அடுத்தது அவற்றின் பக்கத்துப் பற்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளை நம்மை ஏமாற்றும். வரிசைப்படி வேட்டைப்பல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் கடவாய்ப்பல் முளைக்கும். அது பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது மாசத்துக்குள். வேட்டைப்பல் பதினாறுக்கு மேல்தான். கடைசிக் கடவாய்ப்பல் நாலும் ரெண்டு வயதை ஒட்டித் தொடங்கி ரெண்டரை, ரெண்டேமுக்கால் வரை இழுக்கும். அதனால் பதினாறு பல் தாண்டிவிட்டால் ஆறைக் கூட்டுகிற கணக்கு உதவாது.

அம்மா வெறும் எண்ணிக்கையை நம்புவதில்லை. பல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பார்ப்பார். 'கீறல்', 'அரிசி', 'முழுசு' என்று மூன்று நிலை. கீறலா வெறும் ஈறா என்று சந்தேகம் வந்தால் எவர்சில்வர் கரண்டியின் காம்பால் மெதுவாகத் தட்டுவார். ஈறு என்றால் சத்தமே வராது. பல் என்றால் 'டிங்'. சின்ன வயதில் நான் மடுவத்தில் உட்கார்ந்து அந்த டிங்குக்காகக் காத்திருப்பேன். வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சேதி சொல்லப் பால் ஸ்டோருக்கு ஓடலாம். வாளியோடு வரிசையில் நிற்கிறவள் வெட்கத்தோடு சிரிப்பாள். மேல்பல் முதலில் வந்துவிட்டால் மட்டும் அந்தச் சேதியைச் சத்தம்போட்டுச் சொல்லக்கூடாது, தாய்மாமனுக்கு ஆகாதாம். அம்மாவே அதை நம்புகிறவர்தான். ஆனால் கணக்கில் மேல்பல்லையும் சேர்த்துத்தான் எண்ணுவார்.

மாட்டுக்கு இதையெல்லாம் நம் ஆட்கள் எப்போதோ கரைத்துக் குடித்தவர்கள். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு என்று மாட்டின் வயதைச் சொல்லித்தான் விலையே பேசுவார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் பார்த்தே ஆக வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

மனிதப் பிள்ளையின் பல்லையும் இதே கண்ணோடு பார்த்த காலம் உண்டு. இங்கிலாந்தில் 1833 இல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. சட்டம் போட்டாயிற்று, பிள்ளைக்கு ஒன்பது வயது என்று எதைப் பார்த்துச் சொல்வது? அங்கேயே அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 இல்தான் தொடங்கியது. தாய் தகப்பன் வயிற்றுப்பாட்டுக்காகக் கூட்டிச் சொல்வார்கள். உயரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், நல்லாச் சாப்பிட்ட பிள்ளையும் பட்டினிப் பிள்ளையும் ஒரே உயரம் இல்லையே. அதே 1837 இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், வயதுக்குப் பல்லே சோதனை என்று ஒரு சிறு நூல் எழுதி பாராளுமன்றத்தாருக்கு முன் வைத்தார். நிறையப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, உயரத்தை விடப் பல்தான் வயதைக் கிட்டத்தில் சொல்கிறது என்று காட்டினார். பின்னாளில் விக்டோரியா மகாராணிக்கே பல் பார்த்து, சேர் பட்டமும் வாங்கியவர். அவர் பார்த்தது விழுந்து முளைக்கும் பற்கள், அம்மா பார்ப்பது பால்பற்கள். நியாயம் ஒன்றுதான்: பசி உடம்பைக் குறுக்குகிற அளவுக்குப் பல்லைத் தாமதப்படுத்துவதில்லை.

எங்கள் தோட்டங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2016 ஆம் ஆண்டு நாடு தழுவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அந்த எண் 17. மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கும் இடத்தில் "பாத்தா ஒம்பது மாதிரி இருக்கு" என்பது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். குட்டையான பிள்ளையைச் சின்ன வயது என்று நினைத்துவிட்டால், அது குட்டையாக இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும். 1960களில் வறிய நாடுகளின் குழந்தைகளைப் பற்றி எழுதிய டெரிக் ஜெலிஃப் என்ற குழந்தை வைத்தியரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பிறந்த தேதி தெரியாத ஊரில் பால்பல்லை எண்ணு, ஊர்ச் சம்பவங்களை வைத்து ஒரு காலண்டர் போடு என்றார். மாரியம்மன் திருவிழா எப்போது என்று அம்மா கேட்டது இந்த இரண்டாவது வழி. அதையும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் இப்படிச் சொல்லப்படும் காலண்டர் நிறைய. காய்ச்சல் வருஷம் (1934-35 மலேரியா). சண்டை முடிந்த வருஷம் (1945). பஞ்ச காலம், அதாவது 1974ஐ ஒட்டி மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த காலம். ஜூலைக் கலவரம். இப்போதைய பிள்ளைகளுக்கு மீரியபெத்த மண்சரிவு, 2014 ஒக்டோபர் 29. 'மண்ணு வந்ததுக்கு மறுமாசம் பொறந்தவன்' என்று கொஸ்லந்தைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் தாய், எங்கள் அம்மாயி கதைக்கு வருகிறேன். அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை) இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழைய ஐ.சி. நம்பரை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதல் ரெண்டு எண் பிறந்த வருஷம், அடுத்த மூன்று எண் வருஷத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். அம்மாயியின் நம்பர் 35501 என்று தொடங்குகிறது. 1935, ஜனவரி முதலாம் தேதி. வருஷம் பிறந்த அன்றைக்கே பிறந்தவர்! அம்மாயி உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொன்னால் வெற்றிலைக் காவி தெரியச் சிரிப்பார். "அது எழுதினவன் பொறந்த நாளா இருக்கும்."

அம்மாயியின் தாய் சொன்னது, காய்ச்சல் வருஷத்துக்கு மறுவருஷம் பிறந்தவள் என்று. அப்படியென்றால் 1936. அம்மாயி செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவில்) பேர் பதிந்தது சண்டை முடிந்த வருஷம், 1945. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் சொல்லியிருந்தது. ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1907 ஆம் ஆண்டே இன்னொரு சட்டம். அம்மாயி எந்தப் பள்ளிக்கூடத்தையும் பார்த்ததில்லை. கங்காணி, "வாயத் தொற" என்றாராம். திறந்தாராம். மேலே முன்பல் நாலும் விழுந்து முளைத்திருந்ததாம். "பல்லு விழுந்து முளைச்சிருச்சு, பத்துதான்" என்று சொல்லிப் பேரைப் போட்டாராம்.

இப்போது எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், மேல் முன்பல் நாலும் முளைத்து முடிகிற வயது எட்டிலிருந்து ஒன்பது. பத்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. காய்ச்சல் வருஷக் கணக்கும் ஒன்பது என்றுதான் சொல்கிறது. பல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்டவருக்குத் தேவையான பதில் வேறாக இருந்தது. அந்தக் களவுபோன வருஷம் பிற்பாடு ஒரு விதத்தில் திரும்பி வந்தது என்று வையுங்கள். ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் பெண்களுக்கு ஐம்பது வயதில் கைக்கு வரும். காகிதப்படி அம்மாயிக்கு ஐம்பது ஒரு வருஷம் முந்தியே ஆகிவிட்டது.

எல்லோருடைய கணக்கும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்து, லயத்திலேயே செத்து, பதிவே இல்லாமல் போன தாத்தாவின் பிறப்பை எந்தக் கந்தோரில் போய்த் தேடுவது? ஒரு காகிதம் இல்லாததால் இலட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை அந்தப் பக்கம், 3,00,000 பேரை இந்தப் பக்கம் என்று பங்கு பிரித்தார்கள். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பல்லுக்குத் திரும்பி வர முடியாது. நிறுத்திக்கொள்கிறேன்.

பல் கைவிடுகிற இடங்களையும் சொல்லியாக வேண்டும். என் மகனுக்குப் பதின்மூன்று மாசம் வரை ஒரு பல்கூட இல்லை. அம்மாவின் கணக்குப்படி அவன் இன்னும் தவழவே கூடாது, அவனோ எழுந்து நடந்துகொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பல் தாமதம். அதற்கு நேர்மாறாக, அம்மாவின் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை கீழ்ப்பல்லோடேயே பிறந்தது. லயமே பயந்துபோனது. ரெண்டாயிரம் மூவாயிரம் பிறப்புக்கு ஒன்று இப்படி வருவது உண்டு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு, எத்தனை வாரம் முந்தி வந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துக்கொண்டுதான் பல்லைக் கணக்குப் பார்க்க வேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும், கடுமையான போஷாக்குக் குறையிலும் பல் பிந்தும். பதின்மூன்று, பதினாலு மாசமாகியும் ஒன்றுமே காணோம் என்றால் கணக்கை விட்டுவிட்டு டொக்டரிடம் காட்டுவதுதான் புத்தி. நாங்களும் காட்டினோம். சும்மா தாமதம்தான்.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரெண்டரை, ரெண்டேமுக்கால் வயதில் இருபது பல்லும் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு வயதை ஒட்டிப் பின்னால் முதல் நிலைத்த கடவாய்ப்பல் எட்டிப் பார்க்கிற வரை வாயில் புதிதாக ஒன்றும் நடக்காது. அந்த மூன்று, மூன்றரை வருஷமும் பல் ஊமை. நம் நாட்டில் முதலாம் வகுப்பில் சேர்க்க ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதாவது அரசாங்கம் முதன்முதலாகப் பிள்ளையின் வயதைக் கறாராகக் கேட்கும் நேரத்தில் பல் பேசாது. அந்தக் காலத்துப் பெரியவாத்தியார்கள் இதற்குத்தான் வேறு வழி வைத்திருந்தார்கள், வலக்கையைத் தலைக்கு மேலே போட்டு இடக்காதைத் தொடு என்று. தொட்டால் வகுப்புக்குள், தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. ஆனால் அதுவும் உடம்பின் அளவுதானே. மெலிந்து குறுகிய பிள்ளையின் கை காதுக்கு எட்டப் பிந்தும்.

வளர்ந்த பிறகு பல்லைப் பார்ப்பது இன்னும் மோசம். சித்தப்பா மகன் ஒருவன் பஞ்ச காலத்தில் பிறந்தவன், பதியாமலே விட்டுவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் ஐ.சி. எடுக்கக் கிளம்பினான். பிறப்பைத் தேடிப் பார்த்தோம், இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்தது உத்தேச வயதுச் சான்றிதழ். அதற்காக வயதைக் கணிக்க ஒரு வைத்தியரிடம் போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லப்போவதில்லை. அவர் வாயைத் திறக்கச் சொன்னார். இருபது வருஷம் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டு மென்ற வாய். கடவாய்ப்பல் எல்லாம் தட்டையாகத் தேய்ந்து போயிருந்தது. "நாப்பத்தஞ்சுக்கு மேல" என்று எழுதிவிட்டார். ஞானப்பல் பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குள் வந்து முடிந்துவிடும், அதற்குப் பிறகு பல்லில் தெரிவது தேய்மானம் மட்டும்தான், அதைச் சாப்பாடு தீர்மானிக்கிறது. சித்தி, "கூப்பன் மாவு கெடைக்காத வருஷங்க, வயித்துல இவன வச்சிக்கிட்டுக் கியூவுல நின்னேங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இன்றைக்குவரை அவன் காகிதத்தில் எனக்கு அண்ணன், நேரில் தம்பி.

என் தீர்ப்பு இதுதான்: ஆறு மாசத்திலிருந்து ரெண்டு வயது வரை பால்பல்லை நம்பலாம், ஒன்றிரண்டு மாசம் முன்பின்னாக. அதுவும் தாயிடம் சம்பவம் கேட்டு, பல்லோடு ஒட்டிப் பார்த்தால். அதற்கு மேல் போனால் யாராவது பல்லைப் பார்த்துத் தேதி சொன்னால் நம்பாதீர்கள். பல் சொல்வது 'சுமார்'. கந்தோர் கேட்பது தேதி. ரெண்டுக்கும் நடுவில் விழுகிறவர்களுக்குத்தான் ஜனவரி முதலாம் தேதி பிறந்தநாள் வருகிறது.

நம் பழைய புலவர்களும் மாசத்தைப் பிள்ளையின் செய்கையால்தான் சொன்னார்கள். பிள்ளைத்தமிழில் செங்கீரை ஐந்தாம் மாசம், சப்பாணி ஒன்பதாம் மாசம். பல்லுக்குத் தனிப் பருவம் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். யாழ்ப்பாணத்தார் அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறார்கள். என் கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்து நண்பர் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய அன்று போயிருந்தேன். தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி வெட்டிப் பதித்த கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் கொட்டினார்கள். பிள்ளை ஒன்றைப் பிடித்து வாயில் வைத்தது. போட்டோவின் மூலையில் தேதி விழுந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் முதல் பல் எப்போது வந்தது என்று இனி யாரும் சண்டை பிடிக்க முடியாது. எங்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லை. நாங்கள் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்பதோடு சரி.

அந்த அணில் எடுத்துப் போகிற பல்லைப் பற்றி ஒன்று படித்தேன், அம்மாவிடம் சொல்லவே தனியாக போன் எடுத்தேன். பால்பல் வயிற்றுக்குள் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறக்கிற நேரத்துத் தாக்கத்தில் பல்லின் எனாமலில் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் பிறக்குமுன் வளர்ந்த எனாமல், மறுபக்கம் பிறந்த பின் வளர்ந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதற்கு மேலே நாளுக்கு ஒரு வரி. மண்ணுக்குள் கிடைக்கும் பழங்காலக் குழந்தைகளின் பல்லில் அந்த வரிகளை எண்ணி, பிறந்து எத்தனை நாள் வாழ்ந்தது என்று சொல்கிறார்கள் தொல்லியல்காரர்கள். அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப செத்த புள்ளைக்குத்தான் நாள் கணக்கு தெரியும்னு சொல்லு" என்றார்.

அம்மா மடுவத்தை விட்டு வரும்போது பழைய பதிவேடு மூன்றைக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். கரையான் அரித்தது போக மீதி. யார் யார் பிள்ளை, எந்தத் தேதியில் முதன்முதலாகக் கொண்டுவந்து விட்டார்கள் என்று வேறு யாரோ எழுதியது. தேதிக்குப் பக்கத்தில் அம்மா போட்ட புள்ளிகள், ஒரு புள்ளி ஒரு பல். போன வருஷம் அந்தப் பதிவேட்டைத் தேடி ரெண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், தங்கள் தம்பிக்கு வயது காட்ட. உங்கள் வீட்டிலும் பழைய மடுவத்துப் பதிவேடோ, டிஸ்பென்சரிப் புத்தகமோ, செக்ரோலோ, கோயில் கணக்கோ கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள், அடுப்புக்கும் போடாதீர்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால் மூன்று மாசத்துக்குள் பதிந்துவிடுங்கள்.